கார்வர் ஏன் தலையைத் திருப்புவதில்லை

லோனி தகாச் எந்த ஆட்டக்காரனோடும் உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். பிள்ளைகள் எத்தனை, மனைவிக்கு எந்த ஊர் என்று விசாரிக்க மாட்டாள். விசாரித்துவிட்டால் கண் இளகிவிடும் என்பது அவள் பயம். டொலீடோ நகரத்து அமெரிக்கக் கால்பந்து அணியில் இருபது வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. அடுத்தவர் ஆடுவதைப் பார்த்து, இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று சொல்ல வேண்டும். அவள் சொன்னதை வைத்து யாரோ ஒருவன் வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போவான். போகிறவனுடைய மகளின் பெயர் தெரிந்து வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆற்றுக்குக் கிழக்கே, ஹங்கேரிக்காரர்கள் நெருக்கிக் குடியிருந்த தெருவில் பிறந்தவள். அப்பா கார் தொழிற்சாலையில் கதவு மாட்டியவர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய் வந்து, கோழி சூப் குடித்துவிட்டு, டிவி முன்னால் உட்கார்ந்து சொந்த ஊர் அணியைத் திட்டுவார். பத்து வயது லோனி பக்கத்தில் உட்கார்ந்து, "அவன் மேல தப்பு இல்லப்பா, ஓட வேண்டியவன் வேற பக்கம் ஓடிட்டான்" என்பாள். அப்பாவுக்குக் கோபம் வரும். திட்டுவதற்காகத்தானே அவர் ஆட்டம் பார்ப்பது.

படிப்பு முடிந்ததும் அதே அணியின் வீடியோ அறையில் வேலை கிடைத்தது. ஆட்டப் படங்களை வெட்டி அடுக்கித் தருவாள். பிறகு தெற்கு மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். ஏழு வருஷம் வாடகைக் காரில் கல்லூரி கல்லூரியாகச் சுற்றினாள். பெட்ரோல் பங்கில் சாண்ட்விச், நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில் தூக்கம். நடுவில் ஒரு கல்யாணமும் நடந்து முடிந்தது. அவர் பள்ளிக்கூடத்துப் பயிற்சியாளர். சண்டை ஒன்றும் இல்லை. மனைவி வீட்டில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவர் நினைத்தார், அவ்வளவுதான். இப்போது லோனிக்கு நாற்பத்தாறு. வெள்ளிக்கிழமைகளில் ஏரி மீன் வறுவலுக்குத் தனியாகப் போவாள். ஆட்டத்தை எப்போதும் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பாள். வர்ணனையாளர் பேசினால் அவர் சொல்வதைத்தான் கண் பார்க்கும் என்பாள்.

நவம்பர் முதல் ஞாயிறு, அணியின் குவாட்டர்பேக் மெரிக் தோள் எலும்பை முறித்துக்கொண்டான். பந்தை முதலில் கையில் வாங்குகிறவன் குவாட்டர்பேக்தான். எதிராளிகள் வந்து சாய்ப்பதற்குள், யார் தடுப்பில்லாமல் நிற்கிறான் என்று பார்த்து அவனுக்கு வீசியாக வேண்டும். அணியில் மற்ற எல்லோருடைய உழைப்பும் அவன் கண்ணை நம்பித்தான். மெரிக்குக்கு ஆறு வாரம் ஓய்வு என்றார் மருத்துவர்.

அடுத்தவன் எல்லிஸ் கார்வர். வயது முப்பத்தொன்று, எட்டு வருஷத்தில் இது நான்காவது ஊர். அந்த எட்டு வருஷத்தில் அவன் நிஜ ஆட்டத்தில் இறங்கியதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

திங்கட்கிழமை காலை பொது மேலாளர் ஹால் ஸ்ட்ரிக்லரின் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஹால், லோனி, அப்புறம் கெல்வின். கெல்வின் புள்ளிவிவரக்காரன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தவன், எதையும் வாய்க்கு வந்தபடி சொல்லாதவன். ஹால் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். மேற்கே ஓர் அணி லாங்லி என்ற பழைய குவாட்டர்பேக்கைத் தரத் தயார். பதிலுக்கு அடுத்த வருஷம் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது டொலீடோவுக்கு உள்ள மூன்றாவது சுற்று வாய்ப்பைக் கேட்கிறார்கள். செவ்வாய் மாலை நான்கு மணிக்கு மேல் எந்த அணியும் ஆளை மாற்றிக்கொள்ள முடியாது. லாங்லி வந்தால் கார்வர் வெளியே போக வேண்டும். மூன்றாவதாக ஒரு புதுப் பையனை வருங்காலத்துக்கென்று வைத்திருக்கிறார்கள். அவனை விட்டால் அடுத்த நாளே வேறு அணி கொத்திக்கொண்டு போய்விடும்.

"சொல்லுங்க" என்றார் ஹால். "கார்வர் ஆடுவானா, மாட்டானா?"

கெல்வின் முதலில் பேசினான். "ஆட்டத்துல அவன் வீசினது மொத்தம் எழுபது சொச்சம் பந்து. அதுவும் பாதி நாலு வருஷத்துக்கு முன்னாடி. இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு சொல்றதுக்கா உனக்குச் சம்பளம்?"

"ஆமா ஹால். தெரியாதத தெரியும்னு சொல்லாம இருக்கறதுக்குத்தான்."

பயிற்சிக் கணக்கைப் பார்த்தால் என்ன என்று ஹால் கேட்டார். பார்த்தேன், படு மோசம், ஐந்து வீச்சுக்கு ஒன்று எதிராளி கையில் போய் விழுகிறது என்றான் கெல்வின். லோனி குறுக்கிட்டாள். அந்தக் கணக்கைத் தொடவே கூடாது என்றாள்.

அதற்குக் காரணம் உண்டு. இரண்டாவது குவாட்டர்பேக் பயிற்சியில் தன் ஆட்டத்தை ஆடுவதே இல்லை. வரும் ஞாயிறு எந்த அணியோடு மோதுகிறார்களோ, அந்த அணியின் குவாட்டர்பேக்காக வாரம் முழுக்க வேஷம் கட்டுவான். துணைப் பயிற்சியாளர் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார். எதிரணி ஓடும் வழியெல்லாம் அதில் வரைந்திருக்கும். ஒருவனைச் சுற்றி வட்டம் போட்டிருக்கும். அந்த வட்டத்துக்குள் இருப்பவனுக்குத்தான் பந்தை வீச வேண்டும். அவனைச் சுற்றி மூன்று பேர் நின்றாலும் வீச வேண்டும். சொந்த அணியின் தடுப்பு ஆட்டக்காரர்கள் அந்த வீச்சைப் பார்த்துப் பழகுவதற்காக நடக்கும் காரியம் அது. அட்டை அவர்கள் கண்ணில் படாது. ஆகவே பயிற்சியில் பந்து எதிராளி கையில் போனால், கார்வர் சொன்ன பேச்சு கேட்டான் என்றுதான் அர்த்தம்.

"சரி, அதக் கழிச்சிடறேன்" என்றான் கெல்வின். "கழிச்சா மிச்சம் என்ன இருக்கு? ஆகஸ்ட்ல ஆடின ஒப்புக்குச் சப்பாணி ஆட்டம்தான்."

"பசங்க எல்லாருக்கும் அவனப் புடிச்சிருக்கு" என்றார் ஹால். "அதுவும் ஒரு கணக்குதானே?"

"எங்க மாமாவயும் எல்லாருக்கும் புடிக்கும்" என்றாள் லோனி. "அவர்கிட்ட கார் சாவியக் குடுப்பியா?"

"உங்க மாமாகிட்ட ஒரு தடவ குடுத்தேன்" என்றார் ஹால். "பாலத்துல இடிச்சுட்டு வந்தாரு."

கெல்வின் சிரித்தான். ஹால் சிரிக்கவில்லை. மேசை மேலிருந்த திரையை லோனி பக்கம் திருப்பினார்.

"இத எழுதினது யாரு? அக்டோபர் மூணாவது வாரம். 'கார்வர் தேடுவதை நிறுத்திவிட்டான். மனது விட்டுப்போயிற்று.' இதப் படிச்சிட்டுத்தான் நான் லாங்லியக் கேட்டுப் போன் போட்டேன். இப்ப நீ எந்தப் பக்கம் லோனி?"

எழுதியது அவள்தான். மறுக்க வழியில்லை.

ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கார்வரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அட்டை வலது பக்கம் வீசு என்றாலும், தடுப்பில்லாமல் நிற்பவன் இடது பக்கம் இருந்தால் தலை ஒரு கணம் அங்கே போய்விட்டுத்தான் திரும்பும். ஹெல்மெட் அசைவது வீடியோவில் தெளிவாகத் தெரியும். லோனிக்கு அது பிடித்திருந்தது. கையை அட்டைக்குக் கொடுத்துவிட்டு மனதுக்குள் தன் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தாள். அக்டோபரில் அந்த அசைவு நின்றுபோயிற்று. அட்டையைப் பார்ப்பான், பந்தை வாங்குவான், வீசுவான். தலை ஆணி அடித்த மாதிரி நேராகவே நிற்கும். இப்படி எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள். வருஷக்கணக்கில் அடுத்தவன் ஆட்டத்தையே ஆடியவர்கள் ஒருநாள் சொந்தமாக யோசிப்பதை விட்டுவிடுவார்கள். கார்வரும் அந்த இடத்துக்கு வந்துவிட்டான் என்று முடிவுகட்டி எழுதினாள்.

"எழுதினது நான்தான்" என்றாள். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் குடு. திரும்பப் பாக்கறேன்."

வீடியோ அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அக்டோபர்ப் பயிற்சிகளை வரிசையாக ஓடவிட்டாள். எழுதியது சரிதான் என்று தோன்றியது. தலை அசையவே இல்லை. ஒரே ஹெல்மெட்டைப் பார்த்துப் பார்த்துக் கண் சலித்ததும், சும்மா மறுபக்கம் பார்க்க ஆரம்பித்தாள். அங்கே தடுப்பின் நடுவில் நிற்பவன் மார்க்விஸ். எதிரணி ஆட்டத்தைப் படித்துத் தன் ஆட்களைத் திருப்பிவிடுகிறவன் அவன்தான். செப்டம்பரில் அவன் கால்கள் பந்து புறப்படுவதற்கு முன்பே சரியான இடத்துக்குக் கிளம்பிவிடுகின்றன. அக்டோபரில் அதே கால்கள் தப்பான பக்கம் ஓரடி வைத்துவிட்டுத் தடுமாறித் திரும்புகின்றன. ஒரு நாளில்லை, இரண்டு நாளில்லை, வாரக்கணக்கில்.

லோனி படத்தை நிறுத்தினாள். யோசிக்காமல் வீசுகிறவனைப் படிப்பது சுலபமாகத்தானே ஆக வேண்டும்? மார்க்விஸுக்கு ஏன் கஷ்டமாகிறது?

மார்க்விஸ் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இடுப்பளவுக்கு உட்கார்ந்திருந்தான். ஜார்ஜியாவில் வளர்ந்தவன், மரியாதை விடாதவன். லோனியைக் கண்டதும் நெளிந்தான்.

"மிஸ் லோனி, இங்கெல்லாம் வராதீங்க. பல்லு அடிச்சிக்குது, பேச வராது."

"ஒரே கேள்விதான். பயிற்சியில கார்வர் எப்படி?"

"எரிச்சல் மன்னன். போன வாரம் அவங்க ஆளு மாதிரியே விரல நக்கிட்டு பந்து வாங்கறான். இதெல்லாம் அட்டையிலயா எழுதியிருக்கு?"

"அது இல்ல. அக்டோபர்லேருந்து நீ தப்புப் பக்கம் காலு வக்கிற. ஏன்?"

தன்னைக் குற்றம் பிடிக்க வந்திருக்கிறாளோ என்று மார்க்விஸுக்குச் சந்தேகம். இல்லை என்று தெரிந்த பிறகு சொன்னான்.

"செப்டம்பர்ல அவன் தலைய வச்சே படிச்சிடுவோம். தலை எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கம் பந்து வராது. நடந்து போயி எடுத்துக்கலாம். ஆனா ஞாயித்துக்கிழமை வர்றவன் அப்படி ஆடலியே, அடி வாங்கினோம். நான்தான் அவன்கிட்ட போயி சொன்னேன். எல்லிஸ், நீ பரீட்சைத் தாள முந்தின நாளே குடுத்துடற, எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் அவன் தலைய நிறுத்திட்டான். தப்புப் பக்கம் ஓடித் திரும்பித் திரும்பி எனக்கு முழங்கால் வலி."

லோனி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஆனால் பாதி விடைதான் கிடைத்திருந்தது. தலையைத் திருப்பாமலிருக்க அவன் கற்றுக்கொண்டிருக்கிறான், சரி. தலையை நிறுத்தியவன் கண்ணையும் நிறுத்திவிட்டானா? இன்னும் தேடுகிறானா, அல்லது தேடுவதை விட்டதால்தான் தலை நின்றதா? அதை எந்தப் படமும் காட்டாது. கார்வரைத்தான் கேட்க வேண்டும். ஆட்டக்காரனிடம் போய் உன் ஆட்டம் எப்படி என்று கேட்பதை அவள் இந்த இருபது வருஷத்தில் செய்ததில்லை.

செவ்வாய் காலை தூறிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்களின் கார்கள் நிற்கும் இடத்தில் கார்வர் காரிலிருந்து இறங்கினான். லோனி நேராகத் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும், பையைத் திறந்து டேப்லெட்டை எடுத்து நீட்டினான். அணியின் ஆட்டத் திட்டமெல்லாம் அதில்தான் இருக்கும். ஒருவனை வெளியே அனுப்பும்போது, அலுவலகத்து ஆள் ஒருவர் வந்து, பெரியவர் கூப்பிடுகிறார், டேப்லெட்டையும் கொண்டு வா என்பார். மூன்று ஊர்களில் இதைக் கேட்டவன் அவன். கேட்கும் முன்பே கொடுத்துவிடலாம் என்று நினைத்துவிட்டான்.

"நான் அதுக்கு வரல" என்றாள் லோனி.

"அப்போ?"

"போன வியாழக்கிழமை. நாலாவது அட்டை. வலது ஓரத்துல போறவனுக்கு வீசச் சொல்லிச்சு. யாரு ஃப்ரீயா இருந்தான்?"

கார்வர் டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு யோசித்தான். "இடது பக்கத்துலேருந்து உள்ள வெட்டினவன். அவன் முன்னாடி பதினஞ்சு கஜம் காலி. மார்க்விஸ் அவனத் தாண்டிப் போயிட்டான்."

அவள் அந்தப் படத்தை முந்தின நாள் மாலை நான்கு முறை பார்த்திருந்தாள். அவன் தலை நேராகவே நின்றது, எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் நகரவில்லை.

"புதன்கிழமை, கடைசி அட்டை?"

"யாரும் இல்ல. ஓடியிருக்கணும்."

அதுவும் சரி.

"அதுக்கு முந்தின வாரம், மழையில, ரெண்டாவது?"

"தெரியல. அன்னைக்கு நான் பாக்கவே இல்ல. ஜூனுக்கு ராத்திரி முழுக்கக் காய்ச்சல். ஜூன் என் பொண்ணு."

லோனிக்கு எரிச்சலாக இருந்தது. கேட்காமலே பெயரைச் சொல்லிவிட்டான். மனைவி இங்கே மருத்துவமனையில் நர்ஸ், இந்த ஊரில்தான் முதல்முறையாக இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பதையும் அவன் சொன்னான். பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. பேச்சை எப்படி முடிப்பது என்று தெரியாமல் சொன்னான்.

"ஏன் யாருகிட்டயும் சொல்லல? தலைய நிறுத்தினத?"

"யாரு கேட்டா?" என்றான். "பயிற்சியில நான் செய்யறது அவங்களுக்காக. எனக்காக எதுவும் இல்லியே அதுல."

லோனி தலையசைத்துவிட்டுப் படியேறினாள். கைகுலுக்கவில்லை.

மத்தியானம் ஹாலின் அறையில் அவள் சுற்றிவளைக்கவில்லை. அக்டோபரில் எழுதியது தப்பு என்றாள். மார்க்விஸ் சொன்னதையும் கார் நிறுத்துமிடத்தில் கேட்ட மூன்று கேள்விகளையும் சொன்னாள். மூன்றாவது பதிலையும் மறைக்கவில்லை.

"மூணுக்கு ரெண்டு" என்றான் கெல்வின். "மூணு கேள்விய வச்சு ஒரு ஆட்டக்காரன முடிவு பண்ண முடியாது லோனி. ஃப்ரீயா இருக்கறவனப் பாக்கறது வேற. நாலு பேரு மேல விழ வரும்போது அவனுக்கு வீசறது வேற."

"வேறதான்" என்றாள்.

"அப்ப இது ஆதாரம் இல்ல."

"இல்ல. பார்க்கறான்னு தெரியும். மறைக்கத் தெரியும்னு தெரியும். வீசுவானான்னு எனக்குத் தெரியாது."

ஹால் கெல்வின் பக்கம் திரும்பினார். "அப்ப லாங்லிதானா?"

"நான் அப்படிச் சொல்லல" என்றான் கெல்வின். "கார்வரப் பத்தி நமக்கு ஒண்ணும் தெரியாது. லாங்லியப் பத்தி எல்லாம் தெரியும். அதுதான் எனக்குப் பயமே."

ஹால் எழுந்து ஜன்னலோரம் போனார். கார்வர் தோற்றால் ரேடியோக்காரர்கள் தன் தோலைத்தான் உரிப்பார்கள், லோனி என்று ஒருத்தி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது என்றார். சொல்லிவிட்டு அவளைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்கு என்ன போகும்?"

"அடுத்த தடவ நான் சொன்னா நீ கேக்க மாட்ட. எனக்கு அத விட்டா வேற ஒண்ணும் இல்ல."

ஹால் நின்றபடியே போனை எடுத்து, மேற்கே இருந்த அணிக்கு வேண்டாம் என்று சொன்னார். நான்கு மணி வந்து போயிற்று. லாங்லி வேறு எங்கோ போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைக் கண்ணாடி அறையிலிருந்து மூவரும் பார்த்தார்கள். முதல் பாதியில் கார்வர் நன்றாகவும் ஆடவில்லை, மோசமாகவும் ஆடவில்லை. ஒருமுறை பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்று, தாமதமாக வீசி, எதிராளிக்குத் தானம் செய்தான். அட்டை சொல்லாத தப்பு அது, அவனுடைய சொந்தத் தப்பு. லோனி அதை அவன் கணக்கில் ஏற்றிக்கொண்டாள். அரங்கத்தில் எழுபதாயிரம் பேர் ஊளையிட்டார்கள். ஹால் நகத்தைக் கடித்தார்.

கடைசி இரண்டு நிமிஷத்தில் ஆட்டம் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. டொலீடோ எட்டு கஜம் முன்னேறினால் பந்து அவர்களிடமே இருக்கும். கார்வர் பந்தை வாங்கினான். தலை இடது பக்கம் நின்றது. எதிரணித் தடுப்பின் நடுவிலிருந்தவன் இடது பக்கம் ஓரடி வைத்தான், இன்னோரடி வைத்தான். பார்க்காமலேயே கார்வர் வலது பக்கம் வீசினான். அங்கே டொலீடோ ஆள் தனியாக நின்று பந்தைப் பிடித்து விழுந்தான். அளந்து பார்த்தார்கள். ஏழு கஜம்.

"எட்டு வேணும்" என்றார் ஹால்.

"ஏழுதான் இருந்துச்சு அங்க" என்றாள் லோனி.

வேறு வழியில்லாமல் அங்கிருந்தே கோலுக்கு உதைக்க ஆளை அனுப்பினார்கள். பந்து கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே போயிற்று. அந்த உதைக்கு மூன்று புள்ளி, பதினாறுக்குப் பதின்மூன்று என்று டொலீடோ ஜெயித்தது. இன்னும் ஒரு கஜம் பின்னால் இருந்திருந்தால் வெளியே போயிருக்கும் என்றான் கெல்வின். இந்த ஆட்டத்தின் முப்பத்தொரு வீச்சை வைத்து இப்போதும் ஒன்றும் சொல்ல முடியாது என்றும் சேர்த்துச் சொன்னான். அவனோடு யாரும் சண்டை போடவில்லை.

திங்கட்கிழமை ஹால் கார்வரைக் கூப்பிட்டு, மெரிக் வரும்வரை நீதான் என்றார். கூப்பிடப் போனவர் டேப்லெட்டைக் கொண்டு வரச் சொல்லவில்லை. அந்த ஆறு வாரத்தில் நான்கு வெற்றி, இரண்டு தோல்வி. ஒரு தோல்வி முழுக்க கார்வரால் வந்தது. மார்ச்சில் அவனுக்கு இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள், இரண்டாவது ஆளாகவே. பேச்சுவார்த்தையின்போது லோனியிடம் ஹால் கேட்டார், முதல் ஆளாகத் தேறுவானா என்று. தேறமாட்டான் என்றாள். பார்ப்பதையெல்லாம் வீசும் கை அவனுக்கு இல்லை என்றாள். கார்வருக்கும் அது எப்படியோ தெரிய வந்தது. அதன் பிறகும் படிக்கட்டில் எதிரே வந்தால் வணக்கம் சொன்னான். லோனியும் சொன்னாள், கொஞ்சம் வேகமாக நடந்துகொண்டே.